அணையாத அடுப்பும் 2030ஆம் ஆண்டும்

முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளின் தலையை எண்ணிப் பிழைத்தவள் நான். 1984இல் குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. கணவர் இறந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. கணவரை இழந்தவர்களுக்கு அந்த வேலையில் முன்னுரிமை இருந்ததால் கிடைத்தது. காலையில் வகுப்பு வகுப்பாகப் போய், இன்றைக்குச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவேன். தலைக்கு நூறு கிராம் அரிசி நிறுத்து ஆயாவிடம் கொடுப்பேன். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். 2020இல் ஓய்வு பெறும்வரை இதுதான் என் வேலை.

எங்கள் ஊரிலிருந்து வடலூர் அதிக தூரமில்லை. 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. கணவர் இறந்த வருஷம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல், பல நாள் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். யார், எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. இலை போட்டார்கள், சாப்பிட்டேன். ஒரு சமையல்கூடத்தில் எண்ணப்படாமல் சாப்பிட்டவள், மறு வருஷமே இன்னொரு சமையல்கூடத்தில் எண்ணுகிறவளாக ஆனேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வாழ்க்கை போயிற்று. இன்று நான் கேட்கப் போகும் கேள்வியும் அங்கிருந்து வருவதுதான்.

ஓய்வுக்குப் பிறகு கிராம சபைக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். ஓர் அக்டோபர் 2 கூட்டத்தில் ஊராட்சிச் செயலர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகளை நம் ஊருக்கும் கொண்டுவர வேண்டுமாம். 2015 செப்டம்பர் 25 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் உலக நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்ட 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 சிறு இலக்குகள். நம் நாட்டில் அவற்றை ஊராட்சிகளுக்காக ஒன்பது கருப்பொருள்களாகச் சுருக்கியிருக்கிறார்கள்: வறுமையில்லாத ஊர், நலமான ஊர், குழந்தைகளுக்கு உகந்த ஊர், தண்ணீர் போதுமான ஊர் என்று. கெடு 2030. உலகப் பட்டியலில் இரண்டாவது இலக்கு பசியை அடியோடு ஒழிப்பது.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு கேள்வி கூடவே வந்தது. 2030க்குள் ஒருவருக்கும் பசியில்லை என்று ஆகிவிட்டால், வடலூர் அடுப்பை அணைத்துவிடலாமா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. இலக்கு என்பதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. அறத்துக்கு முடிவு நாள் கிடையாது. பசியாற்றுவதே வீடுபேற்றின் திறவுகோல் என்று சொன்ன வள்ளலார், எத்தனை ஆண்டுக்குள் என்று சொல்லவில்லை. அணையா அடுப்பு என்ற பெயரே, பசித்தவர் என்றைக்கும் வருவார் என்பதை ஒப்புக்கொள்கிற பெயர். அப்படியானால் உலக நாடுகள் போட்ட கையெழுத்தும் இந்த அடுப்பும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? இதில் எது உண்மை?

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் நினைவு வருகிறது. மதுரை அம்பலத்தில் பிச்சையெடுத்து, குருடர், முடவர், ஆதரவற்றோர்க்குக் கொடுத்து மிச்சத்தைத் தின்று கிடந்தவன். மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது, சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருகிறாள். அவன் கொடுக்கும் கொடையில் இந்திரனின் இருக்கை அசைகிறது. வரம் தருகிறேன் என்று வந்த இந்திரனை அவன் பொருட்படுத்தவில்லை. கோபம் கொண்ட இந்திரன் சாபம் இடவில்லை. பாண்டிய நாட்டில் மழை பெய்யச் செய்தான். நாடு விளைந்தது. ஆபுத்திரனிடம் சோறு கேட்க ஓர் ஆளும் வரவில்லை. நிறைந்த பாத்திரத்தோடு ஊர் ஊராக அலைந்தவன், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் தன் ஒரு வயிற்றுக்காக மட்டும் இந்தப் பாத்திரமா என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான்.

பசி ஒழிந்த நாட்டில் கொடுப்பவனுக்கு என்ன வேலை என்ற கேள்வியை நம் மொழி எப்போதோ கேட்டுவிட்டது. என் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், எண்ணிக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.

தை பிறந்தால் எங்கள் ஊர் எல்லையில் செங்கல் சூளை தொடங்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருவார்கள், பெரும்பாலும் இருளர்கள். ஆனி வாக்கில் திரும்பிப் போவார்கள். 1996இல் என்று நினைவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒன்பது பிள்ளைகள் வந்து நிற்கும். கேட்காது, அழாது, நிற்கும் அவ்வளவுதான். உள்ளே கூப்பிட்டேன். ஒரு தாய் ஓடிவந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் டீச்சர். இவனுக்குப் பேரு எழுதலியே."

பெயர் எழுதச் சொல்லித் தலைமையாசிரியரிடம் போனேன். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல், வருஷத்தின் நடுவில் சேர்க்க முடியாது என்றார். அவர் நல்லவர். விதி அப்படி இருந்தது. மறுநாள் முதல் நான் ஒரு காரியம் செய்தேன். வராத பிள்ளைகளையும் வந்ததாக எழுதினேன். அந்த அரிசியைப் போட்டு, ஒன்பது இலை நறுக்கி, வேப்பமரத்தடியில் பரிமாறினேன்.

ஆறு வாரம் போனது. ஆய்வுக்கு வந்த அதிகாரி தட்டுகளை எண்ணினார். பதிவேட்டில் அறுபத்தெட்டு, பந்தியில் ஐம்பத்தொன்பது. மரத்தடியைக் காட்டினேன். பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கணக்கு கணக்கா இருக்கணும்மா" என்று சொல்லி மெமோ எழுதிக் கொடுத்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது கோபத்தால் அல்ல. அவர் சொன்னது சரி என்று மனசுக்குத் தெரிந்ததால் வரவில்லை. வராத பிள்ளையை வந்ததாக எழுதும் அதே பொய்யால் அரிசியை மூட்டையாக வெளியே விற்றவர்களும் உண்டு. அவர்கள் எழுதிய அறுபத்தெட்டும் நான் எழுதிய அறுபத்தெட்டும் தாளில் ஒரே மாதிரி இருக்கும். திருட்டையும் இரக்கத்தையும் அந்த எண் பிரித்துக் காட்டாது. நான் இருக்கும்வரை அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு. நான் மாறிப் போனால்? என் இரக்கம் என்னோடு போய்விடும். அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

அந்த மெமோவுக்குப் பதில் எழுதும்போது நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஒன்பது பிள்ளைகளின் பெயரையும் வயதையும் பெற்றோர் பெயரையும் சேர்த்து எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். அடுத்த தையில் தலைமையாசிரியர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மேலே எழுதி, ஏழு பேரைச் சேர்க்க அனுமதி வாங்கினார். ஏழு பேருக்கு அரிசி வந்தது, முட்டை வந்தது, சிலேட்டு வந்தது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் கதவடைக்கக் கூடாது என்பது 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தால் நாடு முழுமைக்கும் விதியானது. அதைப் பேப்பரில் படித்த அன்று நான் வடலூர் போய் வந்தேன்.

எண்ணுவது அறத்துக்குக் கீழான வேலை என்று அதுவரை எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. தருமச்சாலையில் எண்ணுவதில்லை, அதனால் அது உயர்ந்தது என்று. அந்த ஒன்பது பிள்ளைகள் அதை மாற்றினார்கள். தருமச்சாலை வாசலுக்கு வந்தவரை அது ஒன்றும் கேட்பதில்லை. அதன் பெருமை அது. ஆனால் வாசலுக்கு வர முடியாதவரை அதற்குத் தெரியாது. சூளையை விட்டு நகர முடியாத குடும்பத்துக்கு வடலூர் எவ்வளவு பக்கத்தில் இருந்து என்ன? தேடிப் போக வேண்டும் என்றால் பட்டியல் வேண்டும். உலக இலக்குகளின் நடுவில் இருக்கும் உறுதிமொழி, ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்பது. எண்ணாமல் அந்த உறுதிமொழியைக் காப்பாற்ற முடியாது. விட்டுப்போனவர் யார் என்று எண்ணினால்தான் தெரியும்.

ஆனால் எண்ணிக்கைக்குத் தெரியாத பசியும் உண்டு. என் சமையல்கூடத்தில் பதினோரு வருஷம் ஓர் ஆயா இருந்தார். என்னைவிட நாலு வயது இளையவர். தினமும் வந்ததும் கேட்பேன்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

பதினோரு வருஷமும் இதே பதில். ஒருநாள் அண்டாவை இறக்கும்போது மயங்கி விழுந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு. பன்னிரண்டு இருக்க வேண்டியது. அறுபது பேருக்குத் தினமும் சமைத்தவருக்கு ஏழு. காலையில் வீட்டிலிருப்பதைப் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் வைத்துவிட்டு, வெறும் டீயோடு வந்திருக்கிறார். என் பதிவேட்டில் ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு இருந்தது. அடுப்புக்கு முன்னால் நின்றவரின் வயிற்றுக்குக் கணக்கு இல்லை.

பசியை அளக்க ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடந்த பன்னிரண்டு மாதத்தில் காசில்லாமல் பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது ஒன்று. ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது இன்னொன்று. நல்ல கேள்விகள்தான். ஆனால் எங்கள் ஆயாவிடம் யாராவது தாளும் பேனாவுமாக வந்து இதைக் கேட்டிருந்தால், ஆச்சு என்றுதான் சொல்லியிருப்பார். ஒருவரை ஒருவர் சந்தித்ததும் சாப்பாட்டைத்தான் விசாரிக்கிறோம். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாயின் பதிலோடு நிற்காமல் முகத்தையும் பார்க்கிறவரால்தான் இந்தப் பசியைக் கண்டுபிடிக்க முடியும். பிறர் பசியைக் கண்டு உயிர் உருகுவதைத்தான் வள்ளலார் சீவகாருணியம் என்றார். அந்த உருக்கம் இல்லாமல் கேட்கப்படும் கேள்விக்குப் பொய்யான பதில்தான் வரும்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1920இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2010இலிருந்து வாரத்துக்கு ஐந்து முட்டை. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்துவிட்டது. நிதி ஆயோக் 2023-24க்கு வெளியிட்ட இலக்குக் குறியீட்டில் தமிழ்நாட்டுக்கு 78 மதிப்பெண். இந்தியாவுக்கு 71.

இதே மாநிலத்தில், 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. சத்துணவு போட்டும் இது ஏன் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு பதில் உண்டு. ஒரு பிள்ளையின் வளர்த்தி, அது கருவான நாள் முதல் இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. என் பதிவேட்டில் அதன் பெயர் ஏறுவது ஐந்து வயதில். முதல் வகுப்பில் சேர்க்கும்போதே சில பிள்ளைகளை மூன்று வயது என்றுதான் சொல்லத் தோன்றும். அவர்களின் தாய்க்குப் பதினேழில் கல்யாணம் ஆகியிருக்கும். குடிக்கும் தண்ணீர் கெட்டு வயிற்றுப்போக்கு வந்துகொண்டே இருந்திருக்கும். தின்றது உடம்பில் ஒட்டியிருக்காது. பசியைத் தனியாக ஒழிக்க முடியாது. தண்ணீரும் கழிப்பறையும் பெண்ணின் படிப்பும் கூலியும் சேர்ந்துதான் ஒரு பிடி சோறு உடம்பில் ஒட்டுகிறது. 17 இலக்குகளை ஏன் ஒன்றாகக் கட்டினார்கள் என்பது எனக்கு அந்த முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் புரிந்தது.

மழையையும் சேர்க்க வேண்டும். உலகம் அந்த இலக்குகளில் கையெழுத்திட்ட ஒன்றரை மாதத்தில், தீபாவளிக்கு முதல் நாள், எங்கள் மாவட்டத்தில் கொட்டிய மழையில் பரவனாறு உடைத்துக்கொண்டு போனது. நாலு வருஷம் முன்னால், 2011 டிசம்பர் 30இல், தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்திருந்தது. முந்திரி காய்க்க வருஷங்கள் ஆகும். அதிலிருந்து எழுந்திருக்கும்போதே வெள்ளம். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு நானும் ஆயாவும் சமைத்தோம். போன மாதம்வரை கடன் இல்லாமல் இருந்த வீட்டுக்காரர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பசி ஒழிந்த வீடு என்று எதையும் முத்திரை குத்தி வைக்க முடியாது என்று அன்று பார்த்தேன்.

உலகத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. இலக்கு வைத்த 2015ஆம் ஆண்டில் இருந்ததைவிட இன்று பசித்தவர்கள் அதிகம். 2024இல் சுமார் 67 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. நடுவில் கொரோனா வந்தது, போர்கள் வந்தன. 2024 ஆகஸ்டில் சூடானின் சம்சம் முகாமில் பஞ்சம் என்று உறுதி செய்தார்கள். 2025 ஆகஸ்டில் காசாவில் உறுதி செய்தார்கள். உலகம் விளைவிக்கும் தானியம் எல்லோருக்கும் போதும். அந்த இரண்டு இடங்களிலும் போரால் வழியை அடைத்ததால் வந்த பசி. ஆபுத்திரன் கப்பலேறித் தேடிய சாவகம் இன்று வேறு பெயர்களில் இருக்கிறது. கப்பலில் உணவு இருந்தும் கரையில் இறக்க முடியவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் பார்த்து, 2030 வெறும் பேச்சு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு தேதி இல்லாமல் இருந்தால், தோற்றோம் என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது. இன்றைக்கு அறுபது பேர் என்று காலையில் எழுதினால்தான், மதியம் ஐம்பத்தெட்டுத் தட்டு கழுவப்படும்போது அந்த இரண்டு பேர் எங்கே என்று கேட்க முடியும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அடுப்பை அணைக்கலாமா?

பெரியம்மை நோயை ஒழித்துவிட்டதாக 1980இல் அறிவித்தார்கள். ஒழிந்தபின் அம்மை குத்துவதை நிறுத்தினோம். பசி அப்படிப்பட்டதில்லை. நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைக்கும் மறுநாள் காலையில் பசிக்கும். 2030 டிசம்பர் 31இல் உலகத்தில் ஒருவரும் பட்டினியில்லை என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை எல்லோருக்கும் பசிக்கும். அன்றைக்கும் யாராவது உலை வைக்க வேண்டும். ஒழிக்கக் கூடியது பசியை இல்லை, அடுத்த வேளை வருமா என்ற பயத்தைத்தான். கிராம சபையில் வாசித்த தாளில் நீடித்த, நிலையான என்று போட்டிருந்த வார்த்தைகளுக்கு அர்த்தம், அந்தப் பயம் போவதுதான். ஒருமுறை அடைந்து முடிக்கிற காரியமாக இதை நினைத்தால் ஏமாந்துபோவோம். தினமும் புதிதாக நிறைவேற்ற வேண்டிய கடன் இது. அப்படிப் பார்த்தால் இலக்கும் அடுப்பும் மோதவில்லை. எத்தனை பேர் விட்டுப்போனார்கள், எப்போதைக்குள் அவர்களைச் சேர்ப்போம் என்பதை இலக்கு சொல்கிறது. சேர்த்த பிறகும் கைவிடமாட்டோம் என்பதை அடுப்பு சொல்கிறது.

ஆபுத்திரனின் கதையை நான் இப்படித்தான் படிக்கிறேன். பாண்டிய நாட்டில் மழை பெய்து ஒருவரும் சோறு கேட்டு வராதது அவனுடைய தோல்வி இல்லை. கொடுப்பவன் விரும்ப வேண்டியதே அதுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவன் பொய்கையில் விட்ட பாத்திரம் பிறகு மணிமேகலை கைக்கு வந்தது. புகாரில் தீராப் பசியோடு கிடந்த காயசண்டிகைக்கு வேண்டியிருந்தது. மழை பொய்த்த காஞ்சிக்கு வேண்டியிருந்தது. ஒரு நாட்டில் வேலையற்றுப்போன பாத்திரம் இன்னொரு காலத்தில், இன்னொரு ஊரில், உயிர் காத்தது. ஆகவே அடுப்பை அணைக்கக் கூடாது. அதன் முன் நிற்கும் வரிசை குறைய வேண்டும், அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

2030 வரும். இலக்கை எட்டியிருக்க மாட்டோம் என்றே தோன்றுகிறது. அன்றைக்கு, எட்டவில்லையே என்ற சலிப்பில் வேறு பெயரில் வேறு பட்டியல் தேடிப் போகலாம், அல்லது எங்கள் மாநிலம் எட்டிவிட்டது என்ற திருப்தியில் கணக்கை மூடிவிடலாம். இரண்டுமே பாத்திரத்தைக் குளத்தில் போடுகிற காரியம்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் ஜனவரி 26இல் உங்கள் ஊரிலும் கிராம சபை கூடும். போய் உட்காருங்கள். பட்டியலை வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, இதில் பெயர் இல்லாதவர் நம் ஊர் எல்லைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சூளையில், கரும்பு வெட்டுகிற கொட்டகையில், கட்டடம் எழும்பும் இடத்துத் தகரக் குடிசையில் இருப்பார்கள். அவர்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை உட்காராதீர்கள்.